பச்சைக்குப் பச்சை

அத்தியாயம் ஐந்து

"நான்தான் ஊத்தினேன், சர்வேயரம்மா. எழுதி வெச்சிருக்காங்க. கையெழுத்துப் போட்டுடறேன். விட்டுடுங்க."

போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து மெக்கானிக் இதைச் சொன்னபோது மணி இரண்டே முக்கால். சர்வேயரம்மா முப்பது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நொறுங்கின வண்டிகளை அளந்தவர். ஓய்வு பெற்ற பிறகு, வழக்கில் மாட்டிக்கொண்ட மனிதர்களுக்காக அதே வேலையைச் செய்கிறார். பொய் சொல்லித் தப்பிக்கப் பார்த்தவர்களை லாரி லாரியாகப் பார்த்தவர். மாட்டிக்கொள்ள இத்தனை அவசரப்பட்டவனை அவர் பார்த்ததில்லை.

பக்கத்தில் நின்றவன் ஹாரன். பிரேக் பிடிக்காத லாரியை வாயாலேயே ஓட்டிக் கொண்டுவந்து சேர்த்தவன் என்று அந்தக் காலத்தில் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர். முழங்கால் தேய்ந்து ஸ்டியரிங்கை விட்ட பிறகு, ஆறு வருஷமாக சர்வேயரம்மாவுக்கு எடுபிடி, டிரைவர், வாய் எல்லாம் அவன்தான். பெஞ்சில் இருக்கும் மெக்கானிக் அவன் தங்கச்சி புருஷன். அதனால் இன்றைக்கு வாய் கொஞ்சம் வறண்டுதான் கிடந்தது.

நடந்தது இதுதான். நாலு நாளைக்கு முன்னால் சிமென்ட் கல் ஏற்றிய பிக்கப் ஒன்று மேட்டுச் சாலையில் ஏறும்போது கொதித்து, இன்ஜின் இறுகி நின்றது. இன்ஜின் நின்றதும் பிரேக் பெடலும் கட்டையாகி மிதிபடாமல் போக, வண்டி பின்னால் உருண்டது. சக்கரத்துக்குக் கல் வைக்கக் குதித்த லோடுமேனை சுவரோடு வைத்து நசுக்கியது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் சரியில்லை. இன்னும் கண் திறக்கவில்லை. டிரைவர் அன்றைக்கே ஓடிப்போனான். ரேடியேட்டரைப் பிரித்தால் உள்ளே தண்ணீர் ஓடவேண்டிய வழியெல்லாம் பச்சைக் கூழ். இன்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றுகிற கூலன்ட் தப்பான வகை என்றார் வண்டிக் கம்பெனி நிபுணர். பதினேழு நாளைக்கு முன்னால் கூலன்ட் மாற்றியது யார் என்று கேட்டார்கள். வண்டி முதலாளி மெக்கானிக்கின் ஷெட்டைக் கை காட்டினார். முதலாளி ஏற்றிய பாரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு இன்ஸ்பெக்டர் திரும்பி வருவார். வந்ததும் கையெழுத்து. லோடுமேன் உயிர் போனால் அந்தக் கையெழுத்துக்கு வேறு விலை.

"எதை வெச்சு நீதான்னு சொல்றே?" என்றார் சர்வேயரம்மா.

மெக்கானிக் மச்சானைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். பிறகு ரொம்ப மெதுவாக, தனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, பிறந்ததிலிருந்தே இரண்டும் ஒரே சேற்று நிறம்தான் என்று சொன்னான். பெண்டாட்டி ஒருத்திக்குத்தான் தெரியுமாம். வெளியே தெரிந்தால் எவன் நம்பி வண்டி விடுவான்?

ஹாரனுக்கு வாயடைத்துப் போனது. அது அவனுக்கு வராத வியாதி. அரை நிமிஷத்தில் தெளிந்துகொண்டான்.

"பதினோரு வருஷம் என் தங்கச்சியோட குடும்பம் நடத்தியிருக்கே. சிக்னல்ல எப்படி மாப்ள நிப்பே?"

"மேல எரிஞ்சா நிப்பேன், மச்சான். கீழ எரிஞ்சா போவேன்."

சிரிக்கவேண்டிய பதில். யாரும் சிரிக்கவில்லை. மெக்கானிக் தொடர்ந்தான். பழைய ஜெனரேட்டர்களுக்கென்று ஷெட்டில் ஒரு கேன் கூலன்ட் வைத்திருக்கிறான். அதில் ஒரு லிட்டர் குறைகிறது. இந்த மாசம் அவன் எந்த ஜெனரேட்டரையும் தொடவில்லை. அப்படியென்றால் அந்த ஒரு லிட்டர் எங்கே போயிருக்கும்? கண்ணில் கோளாறு இருக்கிறவன் கை மாறி எடுத்திருப்பான். வேறென்ன?

"அந்த ஆளு சுவத்துல சாஞ்சு கிடந்ததை ஃபோன்ல காட்டினாங்க மச்சான்" என்றான். 

ஷெட்டுக்குப் போகும் வழியில் சர்வேயரம்மாவின் கிழட்டு ஜீப் தன் பங்குக்கு மூச்சு வாங்கியது. சூட்டு முள் மேலே போய் நடுங்கியது. ஹாரன் ஓரங்கட்டினான். முதலாளிக்கு பி.பி. ஏறினால் வேலைக்காரனுக்குத் தலை சுற்றத்தான் செய்யும் என்று ஜீப்பின் சார்பில் நியாயம் பேசிக்கொண்டே, ஆறும்வரை காத்திருந்து, ஈரத்துணி போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். மூடிக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு சைக்கிள் டியூப் வளையம். அவன் கைவேலை. எந்த மூடியைத் திறந்தாலும், தளர்ந்திருந்தால் பையிலிருந்து ஒரு துண்டு டியூப் எடுத்து வளையம் வைத்து இறுக்குவான். வளையத்தின் ஓரத்தில் ஆவி மெல்லப் போக மூக்கு மாதிரி ஒரு வெட்டு. இரவும் பகலும் லாரியில் கிடந்து கண்டுபிடித்த வித்தை. ஊரில் வேறெவனும் செய்வதில்லை என்று பெருமைப்பட்டுக்கொள்வான்.

பின்சீட்டிலிருந்து ஒரு கேனை எடுத்து மடமடவென்று ஊற்றப் போனான்.

"அது எந்தக் கூலன்ட்?" என்றார் சர்வேயரம்மா.

"உள்ள பச்சை இருக்கு. இதுவும் பச்சை. பச்சைக்குப் பச்சை, சிவப்புக்குச் சிவப்பு. இதுல ஜாதகமா பார்க்கணும்? இருபது வருஷமா ஊத்துறேன்."

சர்வேயரம்மா இறங்கி வந்து கேனை அவன் கையிலிருந்து வாங்கினார். கண்ணாடி போட்டுக்கொண்டு லேபிளை அடிவரைக்கும் படித்தார். திருப்பிக் கொடுத்தார். இது சரியான கேன்தான். ஆனாலும் ஷெட் வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. ஹாரன் மட்டும் இருவருக்குமாகச் சேர்த்துப் பேசினான். பயம் வந்தால் அவனுக்குப் பேச்சு அதிகமாகும்.

ஷெட்டின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. தங்கச்சி வாசலிலேயே நின்றிருந்தாள். அழுது முடித்த முகம். அண்ணனைப் பார்த்ததும் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணா, அவர் கையெழுத்துப் போட்டுடுவார்ணா. தப்புன்னு ஒரு தடவை மனசுல விழுந்துட்டா அவருக்குச் சோறு இறங்காது. உனக்குத் தெரியும்ல."

தெரியும். ஒரு நட்டு மிச்சமாகிவிட்டால்கூட அவிழ்த்த வண்டியைத் திரும்ப அவிழ்க்கிற ஜென்மம் அது.

அலமாரியில் இரண்டு கேன்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. சர்வேயரம்மா இரண்டிலிருந்தும் தலா ஒரு மூடி அளவு ஊற்றி வெளிச்சத்தில் வைத்தார். இரண்டும் பச்சை. ஒன்றைக் காட்டி இது எது என்றார் ஹாரனிடம். ஒட்டிப் பிறந்த ரெட்டைப் பிள்ளைகளாச்சே, பெற்றவளுக்கே தெரியாது என்றான்.

"கலரு மட்டும்தான் ஒண்ணு. இது ஜெனரேட்டருக்கான பழைய வகை, சிலிகேட். இது அந்தப் பிக்கப் மாதிரி புது இன்ஜினுக்கு, ஆர்கானிக். கலருங்கறது கம்பெனிக்காரன் கலக்குற சாயம். அவனவன் இஷ்டம். ஒருத்தன் பச்சைம்பான், ஒருத்தன் ரோஸும்பான். தனித்தனியா ரெண்டும் நல்ல சரக்கு. ஒண்ணுல ஒண்ணு விழுந்து நாலு நாள் கொதிச்சா கூழ்."

"ஒரே சட்டை போட்டவனெல்லாம் அண்ணன் தம்பி இல்லேங்கறீங்க" என்றான் ஹாரன். சொல்லிவிட்டு, ஏனோ அந்த இரண்டு மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சர்வேயரம்மா ஆர்கானிக் கேனைத் திருப்பினார். லேபிளின் ஓரத்தில், வகை எழுதியிருந்த இடத்தில் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்த ஓட்டைகள், எலி கடித்ததைப் போல. இது என்ன என்று கேட்டார்.

அவர் வழக்கம் என்றாள் தங்கச்சி. கேனில் நாலு மூலையிலும் அந்த வரி இருக்கும். ஒவ்வொரு வண்டிக்கு ஊற்றும்போதும் ஒன்றை வெட்டி, பின்னால் தேதி எழுதி, அந்த வண்டியிலேயே எங்கேயோ ஒட்டிவிடுவார். அடுத்த தடவை திறக்கும்போது என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமே. நிறம் பார்த்துச் சொல்ல அவருக்குக் கண் இல்லை. எங்கே ஒட்டுவார் என்று அவளுக்குத் தெரியாது. பயத்தில் அவருக்கே அது மறந்துபோயிருக்கும்.

"அவர் இல்லாத நேரத்துல ஷெட்ல யார் இருப்பாங்க?"

"நான் இருப்பேன். பக்கத்து வெல்டர் எட்டிப் பார்ப்பார். அண்ணன் வந்தா அண்ணன் உட்கார்ந்திருக்கும்."

"நான் உட்கார்றது பெஞ்சுக்குத்தான் பாரம்" என்றான் ஹாரன்.

சர்வேயரம்மா அதற்குள் வண்டி முதலாளிக்கு ஃபோன் போட்டிருந்தார். பிக்கப் எங்கே? போலீஸ் ஃபோட்டோ எடுத்து, கூழை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு, வண்டியை விட்டுவிட்டதாம். ராசியில்லாத வண்டி என்று முதலாளி இன்று காலையிலேயே பழைய இரும்புக்குத் தள்ளிவிட்டாராம். ஐந்து மணிக்கு வெட்டுவார்களாம். இவ்வளவையும் முதலாளி கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார். லோடுமேன் எப்படியிருக்கிறான் என்று கேட்டதற்கு, ஆஸ்பத்திரியில் கேளுங்கள் என்றார்.

மணி நாலு பத்து. ஹாரன் ஜீப்பை ஓட்டிய ஓட்டத்தில் சூட்டு முள்ளே பயந்து கீழே இறங்கியிருக்க வேண்டும்.

பழைய இரும்பு யார்டில் வண்டிகள் மூன்றடுக்காகக் கிடந்தன. பிக்கப் கீழே இருந்தது. டயர் கழற்றியாகிவிட்டது. கேஸ் கட்டரை வைத்துக்கொண்டு நின்றது ஒரு பெண். முகத்தில் கறுப்புக் கண்ணாடி, கையில் முழங்கைவரை தோலுறை. அடுத்த வண்டி காத்திருக்கிறது, அரை மணி தருகிறேன், அதற்குமேல் நொடி தரமாட்டேன் என்றாள். ஹாரன், தங்கம் மாதிரிப் பெண், இந்த வண்டிக்கு வாய் இருந்தால் உனக்கு நன்றி சொல்லும் என்றான்.

"வாய் இருக்கிறதையும் வெட்டியிருக்கேன்" என்றாள் அவள். "சீக்கிரம் பாருங்க."

பானட்டைத் தூக்கினான். தாங்கிப் பிடிக்கும் கம்பி இல்லை. கையாலேயே பிடித்துக்கொண்டு நின்றான். சர்வேயரம்மா டார்ச் அடித்து இண்டு இடுக்கெல்லாம் தேடினார். பானட்டின் உள்பக்கம் இல்லை. பேட்டரிக்குப் பின்னால் இல்லை. ரேடியேட்டர் தலையில் இல்லை. பத்து நிமிஷம் போனது. ஹாரன் கை மாற்றிப் பிடித்தான். அவன் வாயில் ஜோக்குக்குப் பதில் வேண்டுதல்தான் ஓடிக்கொண்டிருந்தது. தங்கச்சிக்குப் பிள்ளைகள் இரண்டு. பெரியவளுக்கு எட்டு வயசு.

"ஃபியூஸ் டப்பா" என்றார் சர்வேயரம்மா திடீரென்று. "சூடும் எண்ணெயும் படாத இடம் இதுக்குள்ள அது ஒண்ணுதான்."

மூடியை நெம்பினார். உள்பக்கத்தில் நகத்தளவு காகிதம், மேலே ஒட்டு டேப். பொடி எழுத்தில் 'ஆர்கானிக்'. டேப்பைத் தூக்கிப் பின்னால் பார்த்தால் மெக்கானிக்கின் கோணல் கையெழுத்தில் பதினேழு நாளைக்கு முந்தைய தேதி.

ஹாரன் ஒரு சத்தம் போட்டான். அது சிரிப்பா அழுகையா என்று கட்டர்காரி திரும்பிப் பார்த்தாள்.

"சரியாத்தான் ஊத்தியிருக்கான். என் மாப்ள சரியாத்தான் ஊத்தியிருக்கான்."

"பாதிதான் ஆச்சு" என்றார் சர்வேயரம்மா. அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. "ஒட்டினது சரி, ஊத்தினது தப்புன்னு அடிச்சு விட்டுடுவாங்க. ஒரு லிட்டர் குறையுதே, அதுக்குப் பதில்? நல்லாக் கேட்டுக்கோ. இந்தக் கூலன்ட் டப்பா அழுக்கேறிக் கறுத்துக் கிடக்கு, திறந்து எட்டிப் பார்த்தாத்தான் உள்ள என்ன கலர்னு தெரியும். எவனோ திறந்து பார்த்திருக்கான். பச்சை தெரிஞ்சிருக்கு. அலமாரியில பச்சையைத் தேடி எடுத்திருக்கான். கலர் தெரியாதவன் எழுத்தைப் படிச்சுத்தான் ஊத்துவான். இது கண்ணு நல்லா இருக்கிறவன் செய்யற தப்பு."

சொல்லிவிட்டு, கட்டர்காரியிடம் அந்த ஃபியூஸ் டப்பா மூடியை மட்டும் தனியாகக் கழற்றித் தர எழுதிக் கொடுக்கவேண்டுமா என்று கேட்க நகர்ந்தார்.

ஹாரன் பானட்டைத் தோளில் முட்டுக்கொடுத்துக்கொண்டு, சும்மா இருக்க மாட்டாத கையால் கூலன்ட் டப்பாவின் மூடியைத் திருகினான். மூடி கையோடு வந்தது. அடியில் ஒரு விரல் அகலத்துக்கு சைக்கிள் டியூப் வளையம். ஓரத்தில் மூக்கு மாதிரி ஒரு வெட்டு.

முதலில் அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கே பார்த்தாலும் இருக்கிற தன் கைவேலை இங்கேயும் இருக்கிறது, அவ்வளவுதான். பிறகு தோளில் அழுத்திக்கொண்டிருந்த பானட்டின் பாரம் ஞாபகப்படுத்தியது.

அன்றைக்கும் இந்தப் பானட்டுக்குக் கம்பி இல்லை. ஒருவன் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

பத்து நாள் இருக்கும். மாப்பிள்ளை சின்னவனுக்குப் பல் பிடுங்கக் கூட்டிப் போயிருந்தான். ஹாரன் ஷெட்டில் காற்று வாங்கிக்கொண்டிருந்தான். வெள்ளைப் பிக்கப் ஒன்று வந்தது. ஊரில் ஆயிரம் வெள்ளைப் பிக்கப். டிரைவர் இறங்கவே இல்லை. பின்னால் கல்மேல் உட்கார்ந்திருந்தவன்தான் குதித்து வந்து, அண்ணே, தண்ணி கொஞ்சம் குறையுது, பார்த்து ஊத்திவிடுங்க என்று பானட்டைத் தூக்கிப் பிடித்தான். தலையெல்லாம் சிமென்ட் தூசி. இவன், தம்பி, மேக்கப் பிரமாதம், கல்யாணம் எப்போ என்றான். அவன் பானட் ஆடுகிற மாதிரிச் சிரித்தான். இவன் எட்டிப் பார்த்தான், பச்சை தெரிந்தது, அலமாரியில் கைக்கு முதலில் வந்த பச்சையை எடுத்து ஒரு லிட்டர் ஊற்றினான். மூடி தளர்வாக இருந்தது. வளையம் வைத்துக் கொடுத்தான். சின்ன வேலை. மாப்பிள்ளையிடம் சொல்லக்கூட மறந்துபோன வேலை.

அந்தத் தூசித் தலைதான் இப்போது ஆஸ்பத்திரியில் கிடக்கிறது.

ஹாரன் தோளை எடுத்துவிட்டான். பானட் தலையில் இடித்தது. வலிக்கவில்லை.

பத்தடி தூரத்தில் கட்டர்காரி நெருப்பைப் பற்றவைத்தாள். நீல நாக்கு சீறியது. ஒரு விரல் அகல ரப்பர். சுண்டிவிட்டால் நெருப்பில் விழும். நாற்றம் அரை நிமிஷம் இருக்கும், அதுவும் இந்த யார்டில் யாருக்குத் தெரியப்போகிறது. மாப்பிள்ளைக்கு அந்த லேபிள் சீட்டு இருக்கிறது. சர்வேயரம்மா கெட்டிக்காரி, சீட்டை வைத்தே வாதாடி எப்படியாவது... எப்படியாவது என்ற வார்த்தையில் அவன் நின்றான். ஒரு லிட்டர் குறையுதே, அதுக்குப் பதில்? பதில் அவன் உள்ளங்கையில் வியர்த்துக்கொண்டிருந்தது.

ஃபோன் அடித்தது. தங்கச்சி.

"அண்ணா, மணி அஞ்சேகால் ஆச்சு. ஏதாவது கிடைச்சுதா?"

"கிடைச்சுடுச்சு."

"நிஜமாவா? அவர் வந்துடுவாரா?"

"வந்துடுவார். பிள்ளைங்களைக் குளிப்பாட்டி வை."

அவள் அண்ணா அண்ணா என்று அழுதாள். அவன் ஃபோனை வைத்தான். மெதுவாக நடந்து ஜீப்புக்குப் போனான். ஜீப்பின் பானட்டைத் திறந்து, மூடியைத் திருகி, அடியில் இருந்த வளையத்தை உருவினான். இரண்டையும் ஜீப்பின் மூக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். இவை நிஜமாகவே ரெட்டைப் பிள்ளைகள்.

சர்வேயரம்மா வந்து நின்றார். வளையங்களைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். 

"மதியமே தெரியுமா உங்களுக்கு?" என்றான் ஹாரன்.

"நீ பச்சைக்குப் பச்சைன்னு சொன்னப்பவே சந்தேகம் வந்துடுச்சு. நான் தப்பா இருக்கணும்னு இன்னிக்குத்தான் முதல் தடவையா ஆசைப்பட்டேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை நீ நெருப்புல போட்டிருந்தா நான் பார்த்திருக்க மாட்டேன்."

"பார்த்திருக்க மாட்டீங்களா, பார்க்காத மாதிரி இருந்திருப்பீங்களா?"

 சர்வேயரம்மா ஜீப்பில் ஏறி ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்தார். ஆறு வருஷத்தில் அவர் ஓட்டியதே இல்லை. நான் பின்னாடி உட்காரணுமா என்று கேட்டான் ஹாரன், பிடிபட்டவன் உட்காருகிற இடம் அதுதானே. முன்னாடி ஏறு, எனக்கு வழி தெரியாது என்றார். தெரியும். இருவருக்கும் தெரியும்.



ஸ்டேஷனில் ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. இன்ஸ்பெக்டர் சீக்கிரமே வந்துவிட்டிருந்தார். மேஜைமேல் காகிதம். மெக்கானிக்கின் விரல்களில் பேனா. முதல் எழுத்து போட்டாகிவிட்டது, மை இன்னும் காயவில்லை. சர்வேயரம்மா ஃபியூஸ் டப்பா மூடியை மேஜையில் வைத்துச் சொல்லத் தொடங்கினார். மெக்கானிக் அதைக் கேட்கவில்லை. அந்தக் காகிதத்தின்மேல் மச்சான் வைத்த இரண்டு ரப்பர் வளையங்களையே பார்த்தான். நிறம் தெரியாத கண்ணுக்கு அந்த வெட்டு நன்றாகத் தெரிந்தது. யார் கை என்றும் தெரிந்தது.

"மச்சான்" என்றான். "வேணாம் மச்சான். நான் பார்த்துக்கறேன்."

"பேனாவைக் குடு, மாப்ள."

மெக்கானிக் பேனாவை விடவில்லை. ஹாரன் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் அதை எடுக்க வேண்டியிருந்தது.